ஜெர்மனியின் 13 ஒயின் பிரதேசங்கள்: எதில் தொடங்குவது?

#1 வெயிலோன்

வணக்கம் மக்களே. வேலை விஷயமாக ஸ்டுட்கார்ட் வருகிறேன். செப்டம்பர் தொடங்கி வருடக் கடைசி வரை அங்கேதான். சனி, ஞாயிறு அறையில் அடைந்து கிடக்க மனமில்லை. ஜெர்மனியில் ஒயினுக்கென்று சட்டப்படி 13 பிரதேசங்கள் வகுத்திருப்பதாகப் படித்தேன். வரைபடத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் ரைன் நதியையும் அதன் கிளைகளையும் ஒட்டியே இருக்கின்றன. ரைன்காவ், ரைன்ஹெசன், மிட்டல்ரைன் மூன்றும் கூப்பிடு தூரம். இவற்றை எதற்குத் தனித்தனியாகப் பிரித்தார்கள்?

இன்னொன்று. நான் இதுவரை குடித்த ஜெர்மன் ஒயின் எல்லாம் விமான நிலையக் கடையில் வாங்கிய நீல பாட்டில் வகை. குடித்தால் சர்பத் மாதிரி இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து பிரான்ஸ் எல்லை பக்கம்தானே? பேசாமல் அல்சாஸுக்குப் போய்விடலாமா?

#2 கறார் கந்தன்

அல்சாஸ். அடுத்த கேள்வி?

#3 தேன்சிட்டு

கந்தன் அண்ணா ஒற்றை வார்த்தையில் இழையை மூடப் பார்க்கிறார், விடமாட்டேன் :) நான் இருப்பது மைன்ஸில். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ரைன்ஹெசன், பாலத்தைத் தாண்டினால் ரைன்காவ். ஏன் பிரித்தார்கள் என்பதற்கு நதியே பதில் சொல்லும்.

தெற்கிலிருந்து வடக்கே வருகிற ரைன், மைன்ஸ் பக்கம் டவுனஸ் மலை குறுக்கே நிற்பதால் மேற்கே திரும்பிவிடுகிறது. ரூடஸ்ஹைம் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அப்படியே ஓடுகிறது. அதனால் வலது கரைச் சரிவு முழுவதும் தெற்கு வெயிலைப் பார்த்து நிற்கிறது. முதுகுப் பக்கம் மலைக்காடு வாடைக்காற்றைத் தடுக்கிறது. அந்தச் சரிவுதான் ரைன்காவ். 3,200 ஹெக்டேர்தான், அதில் முக்கால் பங்கு ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. யோஹானிஸ்பெர்க் மாளிகை, எபர்பாக் மடாலயம் என்று பழைய பெருமைகள் எல்லாம் அந்தக் கரையில். 1775இல் அறுவடை அனுமதிக் கடிதத்தோடு ஃபுல்டாவிலிருந்து வரவேண்டிய குதிரைக்காரன் தாமதமாக வந்தானாம், அதற்குள் திராட்சை அழுகத் தொடங்கியிருந்ததாம், பறித்துப் பிழிந்தால் அமிர்தமாக இருந்ததாம். தாமத அறுவடை ஒயின் பிறந்த கதை இது. அந்தக் குதிரைக்காரனுக்கு முற்றத்தில் சிலை வேறு.

இந்தக் கரை, ரைன்ஹெசன், 27,000 ஹெக்டேருக்கு மேல். நாட்டிலேயே பெரியது. பெயரில் ஹெசன் இருக்கிறதே தவிர இப்போது ஹெசன் மாநிலத்தில் இல்லை. அலை அலையாக மேடு பள்ளம், கோதுமை வயல், சர்க்கரைக்கிழங்கு வயல், நடுநடுவே திராட்சை. டிராக்டர் ஓடும் நிலம். உங்கள் நீல பாட்டிலின் பரம்பரை இங்கிருந்துதான் வருகிறது. வோர்ம்ஸ் நகரில் மாதா கோயிலைச் சுற்றியுள்ள சின்னத் தோட்டத்தின் ஒயினுக்குத்தான் முதலில் லீப்ஃபிரௌமில்ஷ் என்று பெயர். பிறகு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றாகி, இனிப்புச் சாறு கலந்த மலிவு ஒயினாக ஏற்றுமதி ஆனது. ஊர்க்காரர்கள் அதைத் தொடுவதே இல்லை. இங்கே கடையில் எடுக்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை இனிப்பே இல்லாதவை.

ரூடஸ்ஹைம் தாண்டியதும் நதி பாறைகளுக்கு இடையில் நெருங்கிப் போகிறது. அது மிட்டல்ரைன். கோட்டைகள், சுற்றுலாப் படகுகள், 2002இல் யுனெஸ்கோ பட்டியல். தோட்டம் என்று பார்த்தால் 500 ஹெக்டேர்கூடத் தேறாது.

#4 வெயிலோன்

ரொம்ப நன்றி தேன்சிட்டு. நதி திரும்புவதால் ஒரு பிரதேசம் உருவாகிறது என்பது புதிது. ஆனால் கடையில் நிற்கும்போது எது இனிப்பு, எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிளில் ட்ரோக்கன் என்று தேட வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றிலும் அது இருப்பதில்லையே.

#5 தேன்சிட்டு

ட்ரோக்கன் என்றால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. ஹால்ப்ட்ரோக்கன் 18 கிராம் வரை. ஃபைன்ஹெர்ப் என்றும் போடுவார்கள். அதற்குச் சட்டத்தில் அளவு இல்லை, தயாரிப்பாளர் மனம்போல.

எதுவும் எழுதவில்லையென்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குகிறது. 8 சதவீதத்தில் நிறுத்தியிருந்தால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். 12க்கு மேல் போயிருந்தால் கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்துவிட்டது. நான் முன்பக்க லேபிளைப் படிப்பதையே விட்டுவிட்டேன், நேராக இந்த எண்தான்.

#6 புவியியல் பித்தன்

இனிப்பு என்றாலே முகம் சுளிப்பவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இனிப்பு தனியாக வந்தால் சர்பத். அதோடு கத்தி மாதிரிப் புளிப்பு வந்தால் கதையே வேறு. அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய மோசலுக்குப் போக வேண்டும்.

மோசல் பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட 50 டிகிரி வடக்கு. திராட்சை பழுக்கவே தயங்கும் அட்சரேகை. ரீஸ்லிங் வேறு தாமதமாகப் பழுக்கும் ரகம். சமவெளியில் நட்டால் முன்பெல்லாம் பல வருடம் காயாகவே நின்றுவிடும். அதனால்தான் செங்குத்துச் சரிவு. சாய்வான நிலத்தில் சூரியக் கதிர் நேராக விழுகிறது, கீழே நதியின் ஒளி திரும்பி மேலே அடிக்கிறது, கருப்பு ஸ்லேட் பலகைக்கல் பகல் வெப்பத்தை உறிஞ்சி ராத்திரியில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. மண் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை, நடந்தால் காலுக்கடியில் கல் சரசரவென்று சரியும். பிரெம் கிராமத்தின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை நிமிர்ந்து நிற்கிறது, ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான தோட்டம் என்பார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் குட்டி ரயிலில்தான் ஆளும் கூடையும் மேலே போகும். கம்பி வேலி போட்டால் குறுக்கே நடக்க முடியாது என்று பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பம் நட்டு, கிளையை இதய வடிவில் வளைத்துக் கட்டுவார்கள்.

நீண்ட, குளிர்ந்த இலையுதிர் காலத்தில் பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு கரையாமல் நிற்கிறது. 8 சதவீத ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, கூர்மையான புளிப்பு. வேலன், யுர்ஸிக், பெர்ன்காஸ்டல் ஊர்களின் நல்ல காபினெட் (தரப் பட்டங்களில் முதல் படி) ஒன்றைக் குடித்துவிட்டு வந்து அப்புறம் சர்பத் என்று சொல்லுங்கள். பெர்ன்காஸ்டலில் டாக்டர் என்றே ஒரு தோட்டம் இருக்கிறது, காய்ச்சலில் கிடந்த ட்ரியர் பேராயரை அதன் ஒயின் எழுப்பி உட்காரவைத்தது என்று கதை. மருத்துவச் சான்று கேட்காதீர்கள்.

ரோமானியர் காலத்திலிருந்தே நடக்கிற தொழில் இது. நோய்மாகனில் கிடைத்த கல்லில் ஒயின் பீப்பாய் ஏற்றிய துடுப்புக் கப்பலைச் செதுக்கியிருக்கிறார்கள், 3ஆம் நூற்றாண்டு. அசல் ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

#7 கறார் கந்தன்

பித்தரே, கவிதை நன்று. நானும் மோசலை நம்பி ஏமாந்தவன்தான். பீஸ்போர்ட் ஊர் ஒயின் அருமை என்று எங்கோ படித்துவிட்டு ஒரு கடையில் பீஸ்போர்ட்டர் மிகெல்ஸ்பெர்க் வாங்கினேன். விலை மலிவு, பச்சைத் தண்ணீரில் ஆப்பிளை நனைத்தது போல ஒரு சுவை. கேட்டால் "அது கோல்ட்ட்ரொப்ஷென் இல்லையே, மிகெல்ஸ்பெர்க் வேறு" என்கிறார்கள். இரண்டு லேபிளிலும் ஊர்ப் பெயர், பக்கத்தில் தோட்டப் பெயர். ஒரே எழுத்து, ஒரே அமைப்பு. வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இதற்குப் பெயர் சட்டமா?

#8 புவியியல் பித்தன்

கந்தன் சொல்வது அந்த நாட்டு ஒயினின் பழைய புண். வெயிலோனும் இதைத் தெரிந்துகொண்டுதான் வரவேண்டும். 13 பிரதேசத்தையும் மனப்பாடம் செய்தாலும் இது தெரியாவிட்டால் பணம் வீண்.

1971 சட்டம்தான் மூலம். அதற்கு முன் ஏறக்குறைய 30,000 தோட்டப் பெயர்கள் இருந்தன. பெரும் குழப்பம், ஒத்துக்கொள்கிறேன். அதைச் சுமார் 2,600 ஆகச் சுருக்கினார்கள். சுருக்கும்போது நல்ல சரிவோடு பக்கத்துச் சுமாரான நிலத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். போதாதென்று குரோஸ்லாகே என்று ஒன்றை உருவாக்கினார்கள். பல கிராமத் தோட்டங்களை ஒரே பெயரில் அடைத்த மூட்டை. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரொப்ஷென் என்பது நதி வளைவில் அரைவட்டமாக எழும் ஸ்லேட் சரிவு, தனித் தோட்டம். பீஸ்போர்ட்டர் மிகெல்ஸ்பெர்க் என்பது மூட்டை, சுற்றுவட்டாரத்துச் சமவெளியெல்லாம் அதற்குள். லேபிளில் எது தோட்டம், எது மூட்டை என்று எழுதவேண்டிய கட்டாயமும் வைக்கவில்லை.

2021இல் திருத்தினார்கள். 2026 அறுவடையிலிருந்து மூட்டைப் பெயருக்கு முன்னால் 'ரெகியோன்' என்ற சொல்லைப் போட்டே ஆகவேண்டும். ஐம்பத்தைந்து வருடம் கழித்து.

#9 கறார் கந்தன்

மூட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1971 சட்டத்தைத் திட்டுவது இப்போது ஒரு பாணியாகிவிட்டது. அதன் மறுபாதியையும் பாருங்கள். தரத்தை நிலத்தை வைத்துச் சொல்லாமல், பறித்த பழச்சாற்றின் சர்க்கரையை அளந்து சொன்னார்கள். காபினெட், ஸ்பேட்லெஸே, அவுஸ்லெஸே என்று படிப்படியாக. ஊக்ஸ்லே மானியில் எண் வந்தால் பட்டம். தாத்தா காலத்து மாளிகையும் மடாலய நிலமும் வைத்திருப்பவனுக்கும், நேற்று நான்கு வரிசைக் கொடி நட்டவனுக்கும் ஒரே அளவுகோல். உழைத்துப் பழுக்க வைத்தவனுக்குப் பட்டம். இதில் என்ன அநியாயம்? பிரான்ஸில் நிலத்துக்குத்தான் பட்டம், அதில் சோம்பேறி உட்கார்ந்திருந்தாலும் விலை குறையாது.

#10 புவியியல் பித்தன்

கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. சர்க்கரைக்குத்தான் மதிப்பு என்றதும், எளிதில் சர்க்கரை ஏறும் ரகங்களைத் தேடிப் போனார்கள். ஹுக்ஸெல்ரேபே, ஓர்டேகா, ஓப்டிமா என்று ஆராய்ச்சிக்கூடக் கலப்பினங்கள். கிழங்கு விளைந்த சமவெளியில் நட்டால்கூட அவுஸ்லெஸே எண் வந்துவிடும். குடித்தால் புளிப்பு இல்லை, வெறும் தேன். ஸ்லேட் சரிவில் முழங்கால் தேயப் பாடுபடுகிறவன் அதே எண்ணுக்கு அக்டோபர் கடைசி வரை மழைக்குப் பயந்துகொண்டு காத்திருப்பான். கடையில் இரண்டுக்கும் ஒரே பட்டம். அளவுகோல் ஒன்றுதான், ஓடுகிற பாதை ஒன்றா?

மூல்லர்-துர்காவ் ரகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1882இல் கைஸன்ஹைமில் ஒரு சுவிஸ் விஞ்ஞானி உருவாக்கியது. ரீஸ்லிங்கும் சில்வானரும் கலந்தது என்று நூறு வருடம் நம்பினார்கள், மரபணுச் சோதனையில் தந்தை வேறு என்று தெரிந்தது. சீக்கிரம் பழுக்கும், குலை குலையாய்க் காய்க்கும். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை ஜெர்மனியில் அதிகம் நடப்பட்டது ரீஸ்லிங் இல்லை, இதுதான். ரீஸ்லிங் இன்று மறுபடி முதலிடத்தில், ஏறக்குறைய 24,000 ஹெக்டேர்.

#11 தேன்சிட்டு

அதனால்தான் வி.டி.பி. என்ற ஒயின் பண்ணைகள் சங்கத்துக்காரர்கள் பட்டத்தை ஒதுக்கிவிட்டு நிலத்தை வைத்து நான்கு படி வகுத்துக்கொண்டார்கள். பண்ணை ஒயின், ஊர் ஒயின், முதல்தரத் தோட்டம், உச்சத் தோட்டம். உச்சியில் வருகிற இனிப்பில்லாத ஒயினுக்கு ஜி.ஜி. என்ற எழுத்து. பாட்டில் கழுத்தில் கழுகு முத்திரை இருந்தால் அந்தச் சங்கம். 1910இல் தொடங்கியது, இன்று 200 பண்ணைகள் அளவில்.

#12 கறார் கந்தன்

ஆக, பழைய ஜமீன்கள் கூடி "எங்கள் நிலமே சிறந்தது" என்று தாங்களே முத்திரை குத்திக்கொண்டன. விலையும் அதற்கேற்ப.

#13 புவியியல் பித்தன்

முத்திரை குத்தியது அவர்களுக்கு முன்பே வேறொருவர். 1868இல் மோசல், அதன் கிளை நதியான சார் இரண்டின் பள்ளத்தாக்குகளுக்கும் ஒரு வரைபடம் அச்சானது. நல்ல வருமானம் தரும் சரிவுக்கு அடர்நிறம், சுமாருக்கு வெளிர்நிறம். செய்தது ஒயின் ரசிகர் இல்லை, பிரஷ்ய அரசின் நிலவரிக் கணக்கு. எந்தச் சரிவில் எவ்வளவு வசூலிக்கலாம் என்று தெரிய நிறம் தீட்டினார்கள். வரி வசூலிப்பவனைவிடக் கறாரான நடுவர் உண்டா கந்தன்? இன்று உயர்வாகப் பேசப்படும் சரிவுகளில் பெரும்பகுதி அன்றே அடர்நிறத்தில் இருக்கின்றன.

#14 கறார் கந்தன்

வரிக்காரனைச் சாட்சிக்கு அழைத்தால் நானும் ஒன்று சொல்வேன். அங்கே நுரைக்கும் ஒயினுக்கு 1902இல் ஒரு வரி போட்டார்கள், கைசரின் கடற்படைக்குக் கப்பல் கட்ட. கப்பல் மூழ்கி, கைசர் ஓடி நூறாண்டு தாண்டியாயிற்று. நடுவில் கொஞ்ச காலம் நிறுத்தினார்களே ஒழிய, வரி இன்றைக்கும் இருக்கிறது. ஜி.ஜி. விலை பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை.

#15 நெக்கர் அண்ணை

நான் இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். தம்பி வெயிலோன், நீர் ஸ்டுட்கார்ட்டுக்கு வாறீர், இவையள் எல்லாரும் உம்மை ரைனுக்கும் மோசலுக்கும் ஏத்தி அனுப்புகினம். நீர் வந்து இறங்கிற மெயின் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே திராட்சைத் தோட்டம் கிடக்கு. பெரிய நகரத்துக்கு நடுவில இப்படி வேற எங்க பார்க்கலாம்? நகரசபைக்கே சொந்தமா வைன் பண்ணை இருக்கு.

வுர்ட்டம்பெர்க் 11,000 ஹெக்டேருக்குக் கிட்ட, ஆனால் வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. ஏனெண்டால் இஞ்சத்தை ஆக்கள் தாங்களே குடிச்சு முடிச்சிடுவினம். சிவப்பு வைன் நாடு இது. ட்ரோலிங்கர் எண்டு மெல்லிசான சிவப்பு, கைபிடி வைச்ச கால் லிட்டர் கிளாசில தருவினம். பெரிய வைன் விமர்சகர்மார் அதைப் பார்த்துச் சிரிப்பினம், சிரிக்கட்டும். லெம்பெர்கர் எண்டது அதைவிடக் கனம், மிளகு வாசம், அதுக்கு ஒருத்தரும் சிரிக்கேலாது.

நான் தொண்ணூறுகளில வந்த புதிசில நெக்கர் ஆத்தோரம் அறுவடைக்குப் போனனான். பெஸிக்ஹைம், ஹெஸிக்ஹைம், முண்டல்ஸ்ஹைம் பக்கம். கல்லை மேல கல்லு வைச்சு, சீமெந்து இல்லாமல் கட்டின மதில், படிக்கட்டு மாதிரி மேல மேல போகும். முதுகில கூடையோட ஏறி இறங்கினால் பின்னேரம் இரண்டு காலும் சொல்லுக் கேக்காது. சமதரையில மெசின் ஒரு மணித்தியாலத்தில முடிக்கிற வேலையை அங்க நாள் முழுக்கச் செய்யோணும். ஆனால் போத்தலுக்குக் கூட்டுறவுச் சங்கம் குடுக்கிற விலை பெரிசா வித்தியாசம் இல்லை. இப்ப கன மதிலுகள் இடிஞ்சு பத்தை பிடிச்சுக் கிடக்கு. பிள்ளையள் பக்டரியில வேலை செய்யினம், தகப்பன் ஏலுமட்டும் செய்வார், அதோட சரி.

பித்தன் தம்பியும் கந்தன் தம்பியும் பட்டம் ஆருக்கு எண்டு சண்டை பிடிக்கிறியள். எந்தப் பட்டமும் மதிலைக் கட்டாது. அந்தச் சரிவில விளைஞ்ச போத்தலுக்கு ஆராவது இரண்டு மூண்டு யூரோ கூடக் குடுத்தால்தான் மதில் நிக்கும். கந்தன் தம்பிக்கு அந்த விலை கூடவாத் தெரியுது, எனக்கு அந்த விலை காணாது.

#16 தேன்சிட்டு

அண்ணா, இதையே மோசலிலும் கேட்கிறேன். 1990 வாக்கில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த பிரதேசம் இன்று 8,500க்குள் சுருங்கிவிட்டது. விடப்பட்டவற்றில் நிறைய செங்குத்துச் சரிவுகள். நதியில் படகில் போனால் கொடி வரிசைகளுக்கு நடுவே புதர் மண்டிய கட்டங்களைப் பார்க்கலாம்.

#17 கறார் கந்தன்

அண்ணை சொன்னால் மறுபேச்சில்லை. ஆனால் சமவெளி ஜி.ஜி.க்கு நான் அறுபது யூரோ தரமாட்டேன். கல் மதில் படம் லேபிளில் இருந்தால் யோசிக்கிறேன்.

#18 வெயிலோன்

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. சிவப்பு ஒயின் நாடு என்கிறார் அண்ணை, நான் ஜெர்மனி என்றாலே வெள்ளை என்று இருந்தேன். சிவப்புக்கு வேறெங்கே போகலாம்? பாடன், ஃபால்ட்ஸ், ஃபிராங்கன் மூன்றைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

#19 புவியியல் பித்தன்

மூன்றில் ஒரு பங்கு சிவப்பு ரகங்கள்தான். ஸ்பேட்பர்குண்டர், அதாவது பினோ நுவார், 11,000 ஹெக்டேருக்கு மேல். பிரான்ஸ், அமெரிக்காவுக்கு அடுத்து உலகில் அதிகம் இங்கேதான். அதற்குப் பாடன். வடக்கே டாவ்பர் ஆற்றிலிருந்து தெற்கே போடன்சே ஏரி வரை நீளும் ஒல்லிப் பிரதேசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தட்பவெப்ப அட்டவணையில் மற்ற 12 ஜெர்மன் பிரதேசங்களும் ஏ மண்டலம், பாடன் மட்டும் பி, பிரான்ஸின் அல்சாஸ், ஷாம்பேன் கூட அதே பி. ஃபிரைபுர்க் பக்கத்தில் கைசர்ஸ்டூல் என்ற அணைந்த எரிமலை சமவெளி நடுவே தனியாக எழுந்து நிற்கும். இஹ்ரிங்கன் ஊரின் கருப்பு எரிமலைப் பாறையில் கோடையில் கை வைக்க முடியாது.

ஃபிராங்கன் என்றால் சில்வானர். 1659இல் காஸ்டெல் கிராமத்தில் நட்டதற்கு ஆவணமே இருக்கிறது. வயிறு பருத்த தட்டை பாட்டிலில் வரும். வூர்ட்ஸ்புர்க் நகரில் ரயிலை விட்டு இறங்கித் தலையைத் தூக்கினால் ஸ்டைன் தோட்டம், சுண்ணாம்புக்கல் சரிவு. ஊருக்குள் யூலியுஸ்பிடால், 1576இல் ஓர் ஆயர் நிறுவிய மருத்துவமனை, இன்றும் மருத்துவமனைதான். அதன் செலவில் ஒரு பங்கு ஒயின் வருமானம். நிலவறையில் மரப்பீப்பாய்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். 1540ஆம் வருடத்து ஸ்டைன் ஒயின் பாட்டில் ஒன்றை 1961இல் லண்டனில் திறந்தபோது, காற்றுப் பட்டுக் கெடுவதற்குள் சில வாய் குடிக்க முடிந்ததாம்.

ஃபால்ட்ஸைச் சிட்டு சொல்லட்டும், எனக்கு அந்தக் கூட்டம் ஆகாது.

#20 தேன்சிட்டு

கூட்டம்தான் ஃபால்ட்ஸ்! செப்டம்பரில் வருகிறீர்கள், பாட் டூர்க்ஹைம் வுர்ஸ்ட்மார்க்ட் நடக்கும் நேரம். பெயர் சாசேஜ் சந்தை, உண்மையில் உலகின் மிகப்பெரிய ஒயின் திருவிழா என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரை லிட்டர் கண்ணாடிக் குவளை, பக்கமெல்லாம் குழி குழியாக, அதில் ஒயினும் சோடாவும். நீள பெஞ்சில் முன்பின் தெரியாதவர் நடுவில் உட்கார்ந்து ஒரே குவளையைச் சுற்றி அனுப்புவார்கள். 17 லட்சம் லிட்டர் கொள்ளும் ராட்சத பீப்பாய் ஒன்றும் அங்கே உண்டு. அதில் ஒரு சொட்டு ஒயின் கிடையாது, உள்ளே உணவகம்.

பிரான்ஸ் எல்லை ஷ்வைகனிலிருந்து 85 கிலோமீட்டர் ஒயின் சாலை, 1935இல் திறந்தது. கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் டைடஸ்ஹைம், ஃபோர்ஸ்ட் ஊர்களில் இறங்கி நடங்கள். அத்திமரம், பாதாம் மரம் எல்லாம் வீட்டு வாசலில்.

சிவப்புக்கு ஆர் பள்ளத்தாக்கைப் பித்தன் விட்டுவிட்டாரே. கொலோனுக்குத் தெற்கே, இவ்வளவு வடக்கில் இருந்துகொண்டு பெரும்பகுதி சிவப்பு. 2021 ஜூலை 14 இரவு வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கைத் துடைத்துப்போட்டது, 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கொடிகள் மலைச்சரிவில் இருந்ததால் பெரும்பாலும் தப்பின. கீழே ஊருக்குள் இருந்த நிலவறை, பீப்பாய், இயந்திரம் எல்லாம் போயிற்று. செப்டம்பரில் பழம் பழுத்து நிற்கிறது, பறிக்க ஆளில்லை, பிழிய எந்திரமில்லை. மற்றப் பிரதேசத்து விவசாயிகள் டிராக்டரோடு வந்து அறுவடை செய்து கொடுத்தார்கள். சேற்றுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பாட்டில்களைக் கழுவாமல் அப்படியே விற்று நிவாரணத்துக்கு லட்சக்கணக்கில் யூரோ திரட்டினார்கள். மலைமேல் சிவப்பு ஒயின் நடைபாதை இருக்கிறது, 35 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

#21 மட்டுறுத்துநர்

விமான நிலைய விலை, சுங்க வரம்பு பற்றிய பதிவுகள் பயண உதவிப் பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே பிரதேசங்கள் பற்றி மட்டும் தொடரவும்.

#22 வெயிலோன்

டிசம்பரில் பனி ஒயின் அறுவடை பார்க்க முடியுமா? உறைந்த திராட்சையை விடியற்காலையில் பறிப்பார்களாமே.

#23 புவியியல் பித்தன்

அதை நம்பி விடுப்பு எடுக்காதீர்கள். கொடியிலேயே குறைந்தது மைனஸ் 7 டிகிரியில் உறைய வேண்டும். செயற்கையாக உறைய வைக்கச் சட்டம் இடம் தராது. 2019 அறுவடைக்கு 13 பிரதேசத்திலும் அந்தக் குளிர் வரவில்லை, நாடு முழுக்க ஒரு துளி கிடைக்கவில்லை. அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அதற்குப் பின்னும் வருடாவருடம் கடினமாகிறது, பலர் கொடியில் பழம் விட்டுவைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அதே வெப்பம் இன்னொரு பக்கம் லாபம். முன்பு பழுக்கத் திணறிய சார் பள்ளத்தாக்கில் இப்போது புளிப்பைக் காப்பாற்றத்தான் கவலை. ஆனால் கொடி சீக்கிரம் துளிர்ப்பதால் ஏப்ரல் பனியில் மாட்டுகிறது. 2024 ஏப்ரலில் கிழக்கே சாக்சனும் சாலே-உன்ஸ்ட்ரூட்டும் பெரும்பங்கு விளைச்சலை ஓரிரு இரவில் இழந்தன.

#24 வெயிலோன்

கிழக்கு ஜெர்மனியில் ஒயினா?

#25 கறார் கந்தன்

இந்த ஒன்றில் நான் கிழக்குக்கு வக்கீல். 11 ஆக இருந்த பிரதேசங்கள் 1990 இணைப்புக்குப் பின்தான் 13 ஆயின. ஃபிரைபுர்க் என்று பாடனில் ஒன்று இருப்பது போல உன்ஸ்ட்ரூட் ஆற்றங்கரையிலும் ஒன்று இருக்கிறது. அங்கே 1856இல் தொடங்கிய ரோட்காப்ஷென் நுரை ஒயின் நிறுவனம், கம்யூனிச ஆட்சியில் அரசுடைமையாகி, சுவர் விழுந்தபின் விற்பனை படுத்து, ஊழியர்களில் பெரும்பாலானோரை இழந்து, மறுபடி எழுந்து 2002இல் மேற்கு ஜெர்மனியின் மும் பிராண்டையே வாங்கிவிட்டது. மேற்குதான் கிழக்கை வாங்கும் என்ற வழக்கத்தை மாற்றிய அபூர்வக் கணக்கு. சாக்சனில் மைசன், ராடபோய்ல், எல்பே நதிக்கரை. கோல்ட்ரீஸ்லிங் என்று ஒரு ரகம் ஜெர்மனியில் கிட்டத்தட்ட அங்கே மட்டும்தான். விளைவது கொஞ்சம், டிரெஸ்டன்காரர்களே முடித்துவிடுவார்கள்.

மிச்சம் நாஹே, ஹெசிஷே பெர்க்ஸ்ட்ராஸே. பெர்க்ஸ்ட்ராஸே சின்னது, வழியில் போனால் இறங்குங்கள். நாஹே அப்படியில்லை, குட்டிப் பிரதேசத்தில் எரிமலைப் பாறை, ஸ்லேட், செம்மணற்கல் என்று ஊருக்கு ஊர் மண் மாறும். பழைய செம்புச் சுரங்கம் இருந்த இடத்தைக் கைதிகளை வைத்துத் தோட்டமாக்கியிருக்கிறார்கள், குப்ஃபர்குரூபே. விலையும் மோசலைவிட நியாயம். எனக்குப் பிடித்தது அது.

#26 நெக்கர் அண்ணை

கந்தன் தம்பிக்கு ஒண்டு பிடிச்சிருக்கெண்டு எழுதினதுக்கு இழையைப் பூட்டி வைக்கோணும் :)

வெயிலோன், வந்து முதல் சனிக்கிழமை பெஸிக்ஹைமுக்குப் போம். டொச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் பிராந்திய ரயில் முழுக்க அதிலேயே ஓடலாம். அரை மணித்தியாலத்துக்குள்ள போயிடுவீர். அங்கயிருந்து ஹெஸிக்ஹைம் பாறைத் தோட்டத்துக்கு நடை. பிறகு வாசலில துடைப்பம் தொங்கவிட்ட வீடு எங்கயெண்டு பாரும். வைன் செய்யிற குடும்பம் வருசத்தில நாலு மாசம் மட்டும் தங்கட வீட்டில சாப்பாட்டுக்கடை நடத்தலாம், நாப்பது இருக்கைக்கு மேல வைக்கேலாது. எப்ப திறக்கிறது எண்டு ஊர்ப் பத்திரிகையில போடுவினம். மேசை தனியாக் கிடைக்காது, ஆரும் தள்ளி இருந்தால் போய் இரும். பன்றி இறைச்சி சாப்பிடமாட்டீரெண்டால் முதலே சொல்லும், இல்லாட்டில் தட்டில இருக்கிறது முழுக்க அதுதான்.

வூர்ட்ஸ்புர்க் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மோசலுக்குப் போனால் ஒரு ராத்திரி தங்கும், போய்த் திரும்புறது உடம்புக்கு ஆகாது.

#27 வெயிலோன்

குறித்துக்கொண்டேன் அண்ணை. மாட்டிறைச்சி, பன்றி இரண்டும் இல்லை, வெங்காய அடை இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், அது போதும். செப்டம்பரில் புளித்துக்கொண்டிருக்கும் புது ஒயின் என்று ஒன்று விற்பார்களாமே, அதை ஒரு பாட்டில் ரயிலில் அறைக்கு எடுத்து வரலாமா?

#28 நெக்கர் அண்ணை

கொண்டு வரலாம். ஆனால் அது போத்தலுக்குள்ளயே இன்னும் பொங்கிக்கொண்டு இருக்கும், அதால மூடியை இறுக்காமல் சும்மாதான் வைச்சிருப்பினம். நீர் நல்லது செய்யிறனெண்டு இறுக்கிப்போடாதையும், வெடிக்கும். பைக்குள்ள படுக்க வைச்சீரெண்டால் லாப்டாப்பும் சேர்ந்து குடிக்கும். கையில நிமித்திப் பிடிச்சுக்கொண்டு வாரும். வெங்காய அடையில பன்றிக் கொழுப்புத் துண்டு போடுறவை, அதையும் கேட்டு வாங்கும்.